பின்சுவரில் ஈரம்

— ஈரம் மேல இருந்து எறங்குதா, கீழ இருந்து ஏறுதா? அத மட்டும் சொல்லுங்க, நாச்சிமுத்து அண்ணே.

— அதென்ன வாத்தியாரே, ஈரம்னா ஈரந்தான். அதுக்கு ஏத்தம் எறக்கமெல்லாம் யாரு பாத்தா? இந்த வில்பட்டியில எந்த வீட்டுச் சொவரு காஞ்சு கெடக்கு?

— இல்லண்ணே, ரெண்டும் வேற வேற. மேல இருந்து எறங்குனா ஓடு ஒடஞ்சிருக்கு. கீழ இருந்து ஏறுனா சங்கதியே வேற. தாரணி, அந்த செல்லு லைட்ட இப்பிடிக் காட்டு.

— என்னங்க, நாம வீடு வாங்க வந்தமா, சொவத்துக்கு வைத்தியம் பாக்க வந்தமா? அண்ணே, இவர விடுங்க. பள்ளிக்கூடத்துல அறிவியல் நடத்தி நடத்தி இப்பிடி ஆயிட்டாரு. கல்யாணத்தன்னிக்கி மேளக்காரர்ட்டப் போயி, தோல ஏன் இழுத்துக் கட்டுறீங்கன்னு கேட்டவரு. எங்களுக்கு வீடு புடிச்சிருக்கு.

— புடிச்சிருந்தாச் சரி தங்கச்சி. ஈரத்தச் சொல்லி வெலையக் கொறைக்கத்தான் எல்லாரும் வாராக. போன வாரம் மருதையில இருந்து ஒருத்தரு வந்தாரு. சொவத்தத் தடவித் தடவியே பாதி வெலைக்குக் கேட்டாரு. நான் எதையும் மறைக்கல. ஈரம் இருக்கு, அதனாலதான விக்கிறேன். அந்தா, அடுப்படியில இருமுறது கேக்குதா? எம் பொஞ்சாதி கந்தம்மா. ராவுல உக்காந்துக்கிட்டேதான் தூங்குறா. இந்தக் குளிரு ஆகாது, கீழ எறங்கிப் போயிருங்கன்னு டாக்டரு சொல்லிப்புட்டாரு. மகன் ஞானவேலு பழனியில இருக்கான். அவன் வீட்டுக்குத்தான் போறோம்.

— நாங்க வெலையக் கொறைக்கவே கேக்கலண்ணே. நீங்க சொன்னதே சம்மதம்.

— தாரணி, இங்க பாரேன். கீழ கருப்பு, அதுக்கு மேல பச்சை, இடுப்பு ஒசரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. கோடு போட்ட மாதிரி! இது கீழ இருந்து ஏறுற தண்ணிதான். வெளக்குத் திரி எண்ணெயக் குடிக்குதுல்ல, அதே கததான். கல்லு குடிக்காது. கல்லுக்கு நடுவுல இருக்கிற காரை குடிக்கும்.

— அண்ணே, ஒரு நிமிசம். இவர்ட்டத் தனியா ஒண்ணு பேசிக்கிறேன். ஏங்க, நீங்க இப்பிடி வாங்க.

— என்ன தாரணி?

— மெதுவாப் பேசுங்க. கொடைக்கானல்ல சீசன் வந்துச்சுன்னா நமக்கு என்ன ஆகும்னு தெரியுமா, தெரியாதா? ஹவுஸ் ஓனரு நம்ம கட்டிலத் தூக்கி வெளிய வச்சிட்டு ஹோம்ஸ்டே போர்டு மாட்டிருவாரு. கூட்டம் எறங்குன பெறகு நாம வேற வாடகை வீடு தேடணும். வருசா வருசம் இதே சோலி. போன தடவ மூட்டை கட்டும்போது பாப்பா கேட்டாளே, "அம்மா, நாமளும் டூரிஸ்ட்டா?"ன்னு. மறந்துபோச்சா?

— மறக்கலம்மா.

— பாத்த வீட்டுல ஒண்ணுக்குப் பட்டா இல்ல. ஒண்ணுக்குப் பாதை இல்ல. ஒண்ணு எப்படா சரியும்னு மண்ணு மேல நிக்கிது. நம்ம கைக்கு எட்டுறது இது ஒண்ணுதான். எட்டுறதே இந்த ஈரத்தாலதான். வெளங்குதா?

— வெளங்குது. நான் ஒண்ணும் சொல்லல.

— வாயவே தொறக்கக் கூடாது.

— தொறக்கல.

— அண்ணே, பேசிட்டோம். பத்திரத்துக்கு எப்ப வரலாம்?

— நல்ல நாளாப் பாத்து வெரசா முடிச்சிருவோம் தங்கச்சி.

— நாச்சிமுத்து அண்ணே, இந்தச் சொவத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?

— என்னங்க!

— பின்னாடி என்ன இருக்குன்னுதான கேட்டேன்?

— கேக்கட்டும் தங்கச்சி, வாங்கப்போறவரு கேக்கத்தான செய்வாரு. வாங்க வாத்தியாரே, கொல்லப்பக்கம். பாத்து, வழுக்கும். இந்தா, இதுதான் நம்ம பூண்டுப் பாத்தி. இதுக்கு அங்கிட்டு மலைதான்.

— பாத்தி சொவத்த ஒட்டியே இருக்கே!

— பின்ன? மலைக்காரன் சாண் மண்ண விடுவானா? எங்கய்யா காலத்துல இதுல ஒரு வாய்க்கா சும்மா கெடந்துச்சு. எலையும் தழையும் விழுந்து, வருசத்துக்கு ரெண்டு தடவ அள்ளிக்கிட்டே இருப்பாரு. அவரு போன பெறகு நாந்தேன் மண்ணடிச்சு நெரவி பூண்டு போட்டேன். என்னா வெளைச்சலுங்கிறீக!

— அண்ணிக்கு இந்த மூச்சிழுப்பு எப்ப ஆரம்பிச்சுச்சு?

— ஏங்க, பஸ்ஸு போயிரும். வாங்க.

— இருங்க தங்கச்சி. எப்பன்னா... பூண்டு போட்டதுக்கு அடுத்த மழைக்கு.

— உள்ள சிமெண்டு பூசுனது அதுக்கும் பெறகுதான?

— ஆமா. ஈரம் தெரியாதுன்னு கொத்தனாரு சொன்னாரு.

— பூசுன பெறகு இன்னும் மேல ஏறியிருக்குமே!

— ஆமய்யா! மொழங்காலுக்கு இருந்தது இடுப்புக்கு வந்துருச்சு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— தண்ணிக்கு வெளிய போக எடம் வேணும்ணே. கீழ அடைச்சா மேல ஏறும். இப்பக் கேளுங்க, விசயம் ரொம்பச் சின்னது. மழை நின்னாலும் மலைக்குள்ள தண்ணி கசிஞ்சு எறங்கிக்கிட்டேதான் இருக்கும். அதுக்குத்தான் உங்கய்யா வழி விட்டிருந்தாரு. வந்த தண்ணி வாய்க்கால்ல விழுந்து, வீட்டச் சுத்திக்கிட்டு ஓடைக்குப் போயிருக்கும். வழிய நீங்க மூடிட்டீங்க. அதுவும் பாவம் எங்க போகும்? வீட்டுக்குள்ள வந்துருச்சு.

— கத விடாதீக வாத்தியாரே. சுத்திச் சுத்தி வெலைக்குத்தான வாறீக?

— ஆமாண்ணே, கததான். அவரு பேச்ச விடுங்க. உள்ள வாங்க, நாளக் குறிப்போம்.

— வெலையே பேசலண்ணே! நீங்க சொன்ன வெலைக்கு மேல வேணாலும் தாரேன். அந்த மம்பட்டியக் குடுங்க. ஓரமா ஒரே ஒரு வெட்டு.

— ஐயோ, அவுக பூண்டுங்க அது!

— ஒண்ணே ஒண்ணு தாரணி. ம்... ஆச்சா. இன்னொண்ணு. பாத்தீங்களா? பாத்தீங்களா! பைப்பத் தொறந்த மாதிரி வருது! மழை பேஞ்சு எத்தன நாளாச்சு, இன்னும் எப்பிடிக் கொட்டுது பாருங்க!

— அட முருகா.

— இத நீளத்துக்கும் தோண்டிவிட்டு, உள்ள அந்த சிமெண்டக் கொத்திட்டு, சுண்ணாம்பு பூசுனாப் போதும். ரெண்டு வெயில் காலத்துல சொவரு காஞ்சுரும். தாரணி, நம்ம வீடு எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாரேன்! பாப்பா படிக்கிறதுக்கு அந்தப் பின் ரூமையே குடுத்துறலாம்!

— நம்ம வீடு.

— ஏன் அப்பிடிச் சொல்ற?

— ஒண்ணுமில்ல.

— தங்கச்சி, நீங்க கொடைக்கானல் ஆசுபத்திரியில நர்சுன்னுதான சொன்னீக?

— ஆமாண்ணே.

— டாக்டரு குளிருன்னாரு. ஆனா கந்தம்மா பொறந்ததே மன்னவனூருல. அங்க இல்லாத குளிரா? இந்தச் சொவரு காஞ்சா அவளுக்கு இழுப்பு நிக்குமா?

— அது தாரணிக்கு நல்லாத் தெரியும்ணே. சொல்லு தாரணி, அந்தப் பச்சையா இருக்கே பூஞ்சை, அது காத்துல...

— நீங்க செத்த சும்மா இருங்க!

— சொல்லுங்க தாயி. வாத்தியாரு ஆயிரம் சொல்வாரு. நீங்க சொன்னா நம்புறேன்.

— என்னயக் கேக்காதீங்கண்ணே.

— வேற யாரக் கேப்பேன்?

— அவுகளுக்கு... தோட்டத்துல வேல செய்யும்போது இழுக்குதா?

— இல்லயே. வெள்ளனே போயி காரட்டுப் புடுங்கிட்டு வருவா, ஒண்ணும் இருக்காது. அடுப்படிக்குள்ள வந்து இந்தச் சொவத்துல சாஞ்சு உக்காந்தாத்தான். பொகையும் இல்ல, கேஸ் அடுப்புதான்.

— ஞானவேலு வீட்டுக்குப் போனா?

— அங்கயும் இல்ல. ரெண்டு நாள்ல சண்ட போட்டுக்கிட்டு ஓடியாந்துருவா. நாலு சொவத்துக்குள்ள ஃபேனப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருக்கங்கிறா.

— அப்ப குளிரு இல்லண்ணே. பூஞ்சையாத்தான் இருக்கும். இன்னொரு தடவ டாக்டர்ட்டக் காட்டி, இதச் சொல்லுங்க. சொவரு காஞ்சா கொறையும். எங்க வார்டுலயே பாத்திருக்கேன்.

— மெய்யாவா தாயி?

— பொய் சொல்லணும்னுதாண்ணே பாத்தேன். வரமாட்டேங்குது.

— தாரணி...

— ம்.

— நான் பாட்டுக்கு...

— இப்பத்தான் வெளங்குச்சா?

— ஏ புள்ள கந்தம்மா! இந்த ஈரத்துல எதுக்கு எந்திரிச்சு வந்த? வீடு பாக்க வந்தவுக, இன்னும் பேச்சு முடியல...

— எல்லாம் சன்னல் வழியாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தம்பி, அந்த மம்பட்டிய இப்பிடிக் குடுங்க. ஏங்க, நீங்க ஞானவேலுக்குப் போனப் போட்டு, நாங்க கீழ வரலன்னு சொல்லிருங்க.