கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாலம்

அறிவால் நிறைந்த அவையே! ஆங்கிலேயரே மறந்துபோன ஆங்கிலச் சொற்களை மண் தோண்டி எடுத்து, மஞ்சள் நீராட்டி, மாலை சூட்டி மகிழும் நம் மாத்தளை மன்றத்தின் மதிப்புக்குரிய தலைவர், அன்ஸார் ஐயா அவர்களே! ஒன்பது மணி விழாவுக்கு ஒன்பது மணிக்கே வந்து ஏமாந்துபோன பெரியவர்களே! நாற்காலி போதாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடியே கைதட்டும் தாய்மார்களே! சகோதர சகோதரிகளே! அனைவருக்கும் என் அஸ்ஸலாமு அலைக்கும், அன்பு வணக்கம்.

என் பெயர் மீராசாஹிப், ஊரில் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். முப்பத்தெட்டு வருடமாக ஒரு காரியாலயத்துக்கு எதிரே, மரத்தடியில், தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பவன். எந்தக் காரியாலயம் என்று சொல்ல மாட்டேன். இனியும் நான் அங்கேதான் உட்கார வேண்டும். அழைப்பிதழில் என்னைப் 'பழைய ஆங்கிலத்தின் நடமாடும் நூதனசாலை' என்று போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலியால் நடமாடுவது குறைந்துவிட்டது. மற்றப்படி சரிதான்.

இந்த மன்றம் ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்களாம். என்ன கேள்வி இது? நாட்டில் வேறு என்ன குறை இருக்கிறது? லக்கலவில் யானைகள் எல்லாம் வயலுக்கு வருவதை நிறுத்திவிட்டன. வில்கமுவவுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது, அதுவும் காலியாக ஓடுகிறது. ஆகவே ஆங்கிலேயன் தொலைத்த சொல்லைத் தேடிக் கொடுப்பது ஒன்றுதான் நமக்குப் பாக்கி! அவன் நம்மிடம் எடுத்துப்போனதைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. அவன் விட்டுப்போனதையாவது பத்திரமாக வைப்போம்.

என்ன, முன்வரிசையில் இருமல்? தொண்டையில் ஏதாவது பழைய சொல் சிக்கியிருக்கும், தண்ணீர் குடியுங்கள்.

இந்த மன்றம் மீட்ட சொற்களிலே என் மனம் கவர்ந்த சொல் ஒன்று உண்டு. ஓவர்மாரோ. நாளை மறுநாள் என்று பொருள். அருமையான சொல்! ஆங்கிலேயன் ஏன் இதைக் கைவிட்டான்? நாளைக்கு என்றால் நாளைக்கே செய்துவிடுகிறவனுக்கு நாளை மறுநாள் எதற்கு? ஆனால் நமக்கு? அந்தச் சொல் இல்லாமல் நம் காரியாலயம் ஒன்றில் கதவு திறக்குமா? கோப்பு நகருமா? குமாஸ்தா கொட்டாவி விடத்தான் முடியுமா? முப்பத்தெட்டு வருடமாக என் மரத்தடிக்கு வந்த எல்லோருக்கும் கிடைத்த பதில் அந்தச் சொல்தான், தமிழில் கிடைத்தது, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து காத்தாயி என்று ஒரு தாய் வந்தார். கொழுந்து எடுக்கிறவர். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஓடும் ஓயாவில், அந்தச் சிற்றாற்றில், ஒரு பலகைப் பாலம் இருந்தது. வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. "நானா, பெரிய எடத்துக்குப் போற கடுதாசி. நல்ல கனமான இங்கிலீஸ்ல எழுதிக் குடுங்க" என்றார். இது எங்கள் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியும். இங்கிலீஸ் கனத்தால்தான் மனு மேசைக்கு மேசை நகரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நம்பவைத்தவர்களில் நானும் ஒருவன்.

எழுதினேன் ஐயா, எழுதினேன்! 'வைலம்' ஒரு பாலம் இருந்தது என்று தொடங்கினேன். வைலம் என்றால் முன்னொரு காலத்தில். 'பெராட்வென்ச்சர்' பிள்ளைகளை ஆறு கொண்டுபோகக்கூடும் என்று முடித்தேன். பெராட்வென்ச்சர் என்றால் ஒருவேளை. நடுவிலே இன்னும் ஏழு சொல் போட்டேன், அவற்றின் பொருள் எனக்கே இப்போது ஞாபகமில்லை. வாசித்துக் காட்டினேன். காத்தாயிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அதனாலேயே அவருக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

மனு உள்ளே போனது. முத்திரை விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காத்தாயி பஸ் ஏறி வருவார். "என்னாங்க நானா, பாலத்துக்குப் பதிலு வந்துச்சுங்களா?" நான் சொல்வேன்: "கனமான கடிதம் தங்கச்சி, மெதுவாகத்தான் வரும்."

போன வருடம் அவருடைய மகள் அனுஷியாவுக்குச் சாதாரண தரப் பரீட்சை. விடிகாலையில் மழை பிடித்தது. ஓயா பெருகியது. பரீட்சை அனுமதி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பிள்ளை தண்ணீரில் இறங்கினாள். இடுப்பு வரைக்கும் போனாள். தாய் ஓடிப்போய்ச் சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அக்கரையில் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. இக்கரையில் இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். அன்றைக்கு என்ன பாடம் தெரியுமா, சபையோரே? ஆங்கிலம்!

சிரிக்காதீர்கள். நானும் கேட்டபோது சிரிப்பு வருமோ என்று பார்த்தேன். வரவில்லை.

இனி இன்றைக்கு வருவோம். காலையில் இந்த மண்டபத்துக்குள் நுழைந்தேன். வலது பக்கச் சுவரிலே கண்காட்சி. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடிதங்கள். நடுநாயகமாக ஒரு கடிதம், அதற்கென்று தனியாக ஒரு விளக்கு. கீழே சீட்டு: 'மாத்தளையில் கிடைத்த அரிய மாதிரி. ஒரே பக்கத்தில் ஒன்பது வழக்கொழிந்த சொற்கள். தலைவரின் சொந்தச் சேகரிப்பு.' கிட்டப் போய்ப் பார்த்தேன். எழுத்துகளிலே ஒன்று மட்டும் வரிக்கு வரி ஒரு படி மேலே குதித்து நிற்கிறது. முப்பத்தெட்டு வருடமாக அப்படிக் குதிப்பது என் இயந்திரம்!

ஆமாம் ஐயா. காத்தாயியின் மனு. என் மரத்தடிக்கு எதிரே உள்ள காரியாலயத்தில், உங்கள் மேசைக்கு வந்த மனு.

ஒன்பது சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு. பாலம் என்ற சொல்லுக்குக் கீழே கோடில்லை. அது வழக்கொழிந்த சொல் அல்லவாம். சொல் வழக்கில்தான் இருக்கிறது, பாலம்தான் வழக்கொழிந்துபோனது. இன்னொன்றும் கண்டேன். சட்டம் சின்னது, கடிதம் நீளம். அடிப்பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டார்கள். மடிப்புக்குள் போனது என்ன? காத்தாயியின் கையெழுத்து.

தலைவர் ஐயா ஏதோ சொல்கிறார். ஒலிவாங்கியில் சொல்லுங்கள் ஐயா, சபை கேட்கட்டும்.

"நானா, வேணுமுண்டு செய்யல்ல. எழுத்து அழகா இருந்திச்சி, பத்திரமா எடுத்து வெச்சேன்."

கேட்டீர்களா? குப்பையில் போட்டிருந்தால் குற்றம் என்று சொல்லலாம். கிழித்திருந்தால் கொடுமை என்று சொல்லலாம். பாராட்டிப் பத்திரப்படுத்தியவரை என்ன சொல்வது? மூன்று வருடமாக அந்த மனுவில் ஒரு தூசு படவில்லை, ஒரு பதிலும் படவில்லை!

ஆனால் ஐயாவை மட்டும் ஏசிவிட்டு நான் பொன்னாடை வாங்கிக்கொண்டு போகலாமா? பாலம் உடைந்துவிட்டது, கட்டித் தாருங்கள். நாலே சொல். அந்த நாலு சொல்லை நான் எழுதியிருந்தால், ஐயா அழகு பார்த்திருக்க மாட்டார், அலுவல் பார்த்திருப்பார். அவர் செய்தது பாதித் தவறு. என் கெட்டித்தனத்தைக் காட்டப்போய் மீதியைச் செய்தவன் நான். இதை நான் வெட்கத்தோடு சொல்கிறேன்.

துண்டுச் சீட்டு வருகிறது. 'நேரம் முடிந்தது.' மூன்று வருடம் பொறுத்தவர் இங்கே இருக்கிறார், எனக்கு மூன்று நிமிடம் பொறுங்கள்.

இன்று சனிக்கிழமை. காத்தாயி வந்திருக்கிறார். மரத்தடியில் என்னைக் காணாமல் விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். அதோ, நிற்கிற தாய்மார்களில் மூன்றாவது ஆள், பக்கத்தில் அனுஷியா. அடுத்த மாதம் மறுபடி பரீட்சை. அடுத்த மாதம் மழையும் வரும். பாலம் இன்னும் வரவில்லை.

மன்றத்துச் செயலாளர் றிஸ்மியா அவர்களே, அந்தச் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். பயப்படாதீர்கள், கண்ணாடியை உடைக்க மாட்டேன். இதோ, பின்பக்கத்தைத் திறக்கிறேன். மடிப்பை விரிக்கிறேன். சபையோரே, இந்தக் கையெழுத்தை வாசிக்க அகராதி வேண்டாம். க. காத்தாயி. ஐயா, இது இன்றைக்கு உங்கள் கையில் கிடைத்தது என்று எழுதிக் கையொப்பம் வையுங்கள். என் பேனா இருக்கிறது.

"சரி நானா. திங்கக்கிழம நானே நேர்ல வந்து பாக்குறேன்."

திங்கட்கிழமையாம்! இன்று சனி. அப்படியென்றால் ஐயா எப்போது வருகிறார்? எல்லோரும் சொல்லுங்கள்! பின்னால் கேட்கவில்லை, இன்னும் உரக்க!

ஓவர்மாரோ!

ஐயா, சில நூறு வருடமாகச் செத்துக்கிடந்த சொல்லுக்கு இந்தச் சபை உயிர் கொடுத்துவிட்டது. அதை மறுபடி சாகடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பொன்னாடையை மடித்து வையுங்கள். அனுஷியா நனையாமல் பரீட்சைக்குப் போய்வந்த அன்றைக்கு நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அழைத்த மன்றத்துக்கும், பொறுத்த பெரியோருக்கும், உரக்கச் சொன்ன தாய்மாருக்கும் என் நன்றி. எல்லோரும் சுகமாக வீடு சேருங்கள், வஸ்ஸலாம், வணக்கம். அன்ஸார் ஐயா, திங்கட்கிழமை காலையில் ஓயாவுக்கு இந்தக் கரையில், பள்ளிக்கூடத்துப் பக்கம், நான் நிற்பேன், அந்தக் கரையில் காத்தாயியும் மகளும் நிற்பார்கள். நடுவில் தண்ணீர் இடுப்பளவு. சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.