அடியில் ஒரு திருகு

கிட்டாருக்கென்று செய்த ஈக்வலைசரை, அதுதான் ஆழமான சத்தத்தையும் மேல்சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பெட்டியை, அப்படியே பேஸ் கிட்டாருக்கு மாட்டினால் வேலைக்கு ஆகாது. நிறையப் பேர் மாட்டிவிட்டு, சத்தம் கொழகொழவென்று வருகிறது என்று என் கடைக்கு வந்து புலம்புவார்கள். சாதாரண கிட்டார் இறங்க முடியாத ஆழத்தில்தான் பேஸுக்கு வேலையே. அதனால் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போட வேண்டும். பொறுமை உள்ளவனுக்கு ஒரு பகல் வேலை.

உட்காரப்பா. நீ ட்ரம்ஸ் அடிக்கிறவன், இதெல்லாம் உனக்குத் தெரியாமல் இருப்பதில் தப்பில்லை. நேற்று என் தம்பி தன் ஈக்வலைசர் பெட்டியை உங்கள் புது பேஸ் ஆளுக்கென்று உன்னிடம் கொடுத்தபோது நான் வெளியே போயிருந்தேன். இருந்திருந்தால் திருகைச் சரிபண்ணியே கொடுத்திருப்பேன். புது ஆள்மேல் எனக்கென்ன விரோதம்? நீ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காமல் நேராக என்னிடம் வந்தாய். அதனால் சொல்கிறேன்.

அப்பா அம்மா போன பிறகு அவனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன் நான். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை. அவனாகவே ஒருநாள் நினைத்துப் பார்ப்பான் என்று இருந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் குழுவுக்குக் கப்பலில் வாசிக்கிற வேலை கிடைத்த அன்று, கடைக்குள் குதித்துக்கொண்டே வந்தான். அவனுக்காக நான் செய்துகொண்டிருந்த பெட்டி பாதி முடிந்து மேசையில் கிடந்தது.

"அண்ணே, ஒரு வருஷம் கடல்லேயே!"

"அப்ப நான்?"

"உனக்கென்னண்ணே? உனக்குத்தான் சால்டரிங் அயர்ன் இருக்கே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். பிறகு மீதி வேலையை முடித்தேன்.

பெட்டியிலிருந்து இரண்டு வழி. ஒன்று ஆம்ப்ளிஃபயருக்கு, ஒன்று அவன் ஹெட்ஃபோனுக்கு. வீட்டிலும் மேடையிலும் ஹெட்ஃபோன் மாட்டித்தானே வாசிப்பான். அந்த ஹெட்ஃபோன் வழியில் மட்டும் சின்னதாக ஒரு திருகு வைத்தேன். அதைத் திருகினால் ஆழமான சத்தம் அவனுக்கு மட்டும் குறையும், உங்களுக்கெல்லாம் முழுசாகக் கேட்கும். அடியிலிருக்கிற ரப்பர் காலைப் பிடுங்கினால் திருகு எட்டும். மேலே குமிழ்கள் நடுவிலேயே நிற்கும். நடுவில் நின்றால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று வாசிக்கிறவர்கள் எல்லோரும் நம்புவார்கள். அவன் தன் காதை நம்பாமல் குமிழை நம்பினான். அது அவன் தப்பு, அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

அவன் குளிக்கப் போகும்போதெல்லாம் ஒரு மயிரிழை திருகுவேன். அவனுக்குச் சத்தம் போதவில்லை. குமிழை மேலே ஏற்றினான். ஏற்றினால் உங்கள் பக்கம் என்ன ஆகும்? நீதானே முதலில் கத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? "டேய், காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே, ஹாலே இடியுது!" உன்னைக் குறை சொல்லவில்லை. நியாயமாகத்தான் கத்தினாய்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, எனக்குக் காது போகுதோ?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றேன். எடுத்த எடுப்பில் ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது.

டாக்டர் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். "அவரு பேச்சு கேக்குற காதைத்தான்டா பாப்பாரு. பேஸ் கேக்குற காதையா பாக்கப் போறாரு?" என்றேன். ஒருநாள் பெட்டி இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டிவிட்டு, "இப்ப நல்லா கேக்குதேண்ணே!" என்று கத்தினான். "அது காதுல கேக்கலடா, நெஞ்சுல அதிருது" என்றேன். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான். தலையாட்டினான். பாவம், என் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

கப்பலுக்கு வேறு ஆளோடு போய்விட்டீர்கள். அன்று அவன் தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆனால் பிடிவாதக்காரன் விடவில்லை. தொலைந்துபோன சத்தத்தைத் தேடுகிறேன் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை ஹெட்ஃபோனும் தலையுமாக உட்கார்ந்தான். வால்யூம் முழுசாக. ஆழம் வராத இடத்தில் மேல்சத்தம் ஊசி மாதிரி கிழிக்கும். எதிரே நின்றால் எனக்கே பல் கூசும். திருகைத் திருப்பிவிட்டிருக்கலாம், ரப்பர் காலைக் கழற்றுகிற நேரம்தான் ஆகும். திருப்பியிருந்தால் அடுத்த துறைமுகத்திலேயே உங்களோடு வந்து ஏறியிருப்பான். அதையும் யோசித்துத்தான் விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவன் பின்னால் தட்டு கைதவறி விழுந்தது. அவன் திரும்பவில்லை. மறுபடி எடுத்து வேண்டுமென்றே போட்டேன். அப்போதும் திரும்பவில்லை. நான் பெட்டிக்குள் வைத்தது வெறும் பாவனை. அதை நிஜமாக்கிக்கொண்டது அவன்தான்.

இப்போது இந்தக் கடையில்தான் இருக்கிறான், வந்தபோது வாசலில் பார்த்திருப்பாய். ஒயர் சுற்றித் தருகிறான். என் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறான். நேரத்துக்குச் சாப்பிடுகிறான், எங்கேயும் போவதில்லை. முன்பைவிட நாங்கள் நெருக்கமாகிவிட்டோம்.

அவனிடம் சொன்னாயா என்று கேட்கிறாய். எதையும் மறைத்து வைத்துப் பழக்கமில்லை எனக்கு. போன வாரமே ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன், திருகிலிருந்து தட்டுவரைக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, சத்தமாகவே சொன்னேன். அவன்பாட்டுக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மன்னித்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.