கூட்டலில் வராத இரண்டு நிலைப்புள்ளிகள்

சுழல்வன அனைத்தினுள்ளும் சுழலாததைத் தேடிய சிந்தைக்குச் சொந்தக்காரரே! கனவு கலையாத கண்களும் சுண்ணப்பொடி கலையாத கைகளும் கொண்ட எங்கள் கணிதப் பேராசிரியரே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் தங்கள்முன் துறையினர் வணங்கி வாசிக்கும் மடல் இது. இதில் புகழ்ச்சி உண்டு; ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் வாய் திறக்காத செய்தி ஒன்றும் உண்டு. இன்று சொல்லாவிட்டால் இனி எப்போது சொல்வது?

மாடிக் கோடியிலுள்ள தங்கள் அறையில், ஆள் அசைந்தால் எரியும் விளக்கு அடிக்கடி அணைந்துவிடும். தாங்கள் அத்தனை நேரம் அசையாமல் அமர்ந்திருப்பீர்கள்! அந்த அரையிருளில் பன்னிரு பரிமாண வெளியொன்று தங்கள் மனத்துக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். நூலகர் வந்து கையை ஆட்டினால்தான் வெளிச்சம். 'நிலைப்புள்ளி மேடம்' என்று தங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அந்தக் குறும்பை இன்று ஒப்புக்கொள்கிறார்.

பல வட்டச் சுழற்சிகள் ஒன்றுசேர்ந்தது டோரஸ். அது ஒரு வெளியையே சுழற்றும்போதும் இடம் பெயராமல் நிற்பவை நிலைப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியருகிலும் வெளி சுழலும் விதத்தைப் பின்னமாக எழுதிக் கூட்டினால், அவ்வெளியின் சிறப்பியல்பு எண்கள் முழு எண்களாய் வந்து நிற்கும். எல்லையெட்டாத வடிவமெல்லாம் ஏழெட்டுப் புள்ளிகளில் அடங்கும் அந்த அதிசயத்தைத் தாங்கள் சொல்லும்போது, கணக்கென்றால் காத தூரம் ஓடும் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரும் மெய்மறந்து கேட்டிருக்கிறார்.

ஒரு வெளிக்கு நிலைப்புள்ளிகள் ஆறே என்று தாங்கள் நிறுவிய கட்டுரையை உலகமே ஒப்புக்கொண்டது. துறைத்தலைவர் பதவியும் தங்களைத் தேடி வந்தது. தேர்வுக் குழு கூடுவதற்கு முந்தைய நாள் தாங்களே கண்டுபிடித்தீர்கள், புள்ளிகள் எட்டு என்று! விடுபட்ட இரண்டின் பின்னங்களும் ஒரே அளவு, எதிரெதிர்க் குறி. ஒன்றையொன்று அடித்துவிட்டதால் கூட்டலில் தடயமே இல்லை. கூட்டி வந்த எண்கள் சரி, ஆறே என்ற தேற்றம் தவறு. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அப்போதே எழுதினீர்கள்.

இரண்டு நாள் கழித்து அனுப்பினால் குடியா முழுகிவிடும் என்று சகா ஒருவர் கெஞ்சினார். "எந்தக் கூட்டல்லயும் இது தெரியாது, மேடம். யாருமே கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார்.

"கூட்டல்ல வரலைங்கிறதுக்காக அந்த ரெண்டும் இல்லைன்னு சொல்லிட முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கடிதத்தை அனுப்பினீர்கள்.

பதவி கைநழுவியது. எங்களில் ஒருவரும் தங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னர் அதே எட்டுப் புள்ளிகளிலிருந்து தாங்கள் புதிய தேற்றம் படைத்தபோது பலமாகக் கைதட்டினோம். பாதி மகிழ்ச்சி, பாதி வெட்கம்.

கெஞ்சிய அந்தச் சகா, இதை வாசிக்கும் நான்தான். அன்று அன்பால் சொன்னேன். மறுநாள் அதே பதவியைக் குழு எனக்குக் கொடுத்தபோது ஆசையால் ஏற்றேன். ஒன்பது ஆண்டுகள் தங்களுக்கு உரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள், மேடம்.

வாய்மையின் வடிவே! வெயில் விழும் சன்னலோரமும், எழுப்ப எவருமில்லாத நீண்ட கனவுகளும், நோயற்ற நூறாண்டும் தங்களுக்கு வாய்க்கட்டும்! இந்த மடலைச் சட்டமிட்டுத் தங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் என் வரிகளையும் படிக்கட்டும்.

தங்கள்
கணிதத் துறையினர்,
அவர்களோடு, தங்கள் இடத்தில் அமர்ந்த துறைத்தலைவன்