மூணாவது வேணாம்

புகழேந்தி: ஏங்க, இது எங்க வண்டி இல்லைங்க.

எழில்மொழி: நம்பரைப் பாருங்க சார். உங்க வண்டிதான்.

புகழேந்தி: எங்க வண்டி சேறும் சகதியுமா இருக்கும். இது என்னமோ மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புன மாதிரி மின்னுதே.

எழில்மொழி: கழுவியிருக்கோம் சார். எங்க சர்வீஸ் சென்டர்ல வாஷ் இலவசம்.

புகழேந்தி: கழுவ வேணாம்னு சொன்னேனே. காலையில, உங்க எதிர்லதான் உட்கார்ந்து சொன்னேன். ஆயில் மாத்துங்க, பிரேக் பாருங்க, கழுவ மட்டும் வேணாம்னு.

எழில்மொழி: சொன்னீங்க.

புகழேந்தி: அப்புறம்?

எழில்மொழி: காபி வேணுமான்னு கேட்டேன். அதையும்தான் வேணாம்னீங்க. கொண்டாந்து வெச்சதும் குடிச்சீங்களா இல்லையா?

புகழேந்தி: ...குடிச்சேன்.

எழில்மொழி: ரெண்டு டம்ளர்.

புகழேந்தி: காபியும் காரும் ஒண்ணாங்க?

எழில்மொழி: நான் மன்னார்குடிக்காரி சார். எங்க பக்கம் முதல் வேணாம் மரியாதைக்கு. ரெண்டாவது கூச்சத்துக்கு. மூணாவது தடவை சொன்னாத்தான் நிஜமாவே வேணாம்னு அர்த்தம். நீங்க ரெண்டு தடவைதானே சொன்னீங்க. நேர்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு.

புகழேந்தி: போன்லயா? நான் எங்கங்க போன் பண்ணேன்?

எழில்மொழி: நீங்க கிளம்பிப் போனப்புறம்... இந்த வண்டியைச் சொல்லி, கழுவ வேணாம்மான்னு ஒரு ஆம்பளைக் குரல். ரொம்ப சன்னமா. நீங்கன்னுதான் நெனச்சேன்... ஏன் சார் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஏசி ஓடுதே.

புகழேந்தி: வண்டி என்னுது இல்லைங்க. என் மாமியாரோடது. அம்சம் டீச்சர். ரிட்டயர் ஆனதும் ஆசையா வாங்குனாங்க. தினம் காலையில மாமாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு, அவங்க கையாலதான் துடைப்பாங்க.

எழில்மொழி: அப்போ பளபளன்னு பார்த்தா சந்தோஷம்தானே படுவாங்க?

புகழேந்தி: இடது பக்கம், பின் கதவைப் பாருங்க.

எழில்மொழி: கீறல்... ஆமா, கழுவறப்பவே எங்க ஆளுங்க சொன்னாங்க.

புகழேந்தி: காலையில இங்க ஓட்டிட்டு வர்றப்ப, குத்தாலம் வயக்காட்டு ரோட்டுல எதிர்ல அறுவடை மெஷின் வந்துச்சு. ஒதுங்கி வழி விடப்போய், வாய்க்கால் மதகுச் சுவர்ல தேய்ச்சுட்டேன்.

எழில்மொழி: அதான் சேறா?

புகழேந்தி: வாய்க்கால்ல இறங்கி அள்ளிப் பூசினேங்க. ஒரே இடமா பூசினா சந்தேகம் வரும்னு மேல கொஞ்சம், கீழ கொஞ்சம் தெளிச்சு வேற விட்டேன். நாளைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் பேசி வெச்சிருக்கேன். நாளைக்கு வரைக்கும் அது நின்னிருந்தா போதும்.

எழில்மொழி: இதுக்குப் போயா... அவங்ககிட்டயே சொல்லிடலாமே சார்.

புகழேந்தி: என் வீட்டுக்காரி மாசமா இருக்கா. நாகப்பட்டினத்துல வேலை. பஸ்ல அலைய வேணாம், சர்வீஸ் முடிஞ்சு நாளன்னைக்குச் சாவியைத் தர்றேன், வண்டியை நீங்க வெச்சுக்குங்கன்னு மாமியார் சொல்லியிருக்காங்க. ஆனா ஒரு கீறல் விழுந்தாலும் சாவி அவங்க கைக்குத் திரும்பிடணும். இப்பப் போய் சொன்னா, சாவி கைக்கு வராமலே திரும்பிடும்.

எழில்மொழி: அது சரி சார்... மத்த ரெண்டு?

புகழேந்தி: எந்த ரெண்டு?

எழில்மொழி: முன் பம்பர்ல ஒரு நசுங்கல். அப்புறம் டிக்கிக்குக் கீழே ஒரு பள்ளம். அங்கேயும் சேறு அடையா அப்பியிருந்துச்சே.

புகழேந்தி: அதெல்லாம் நான் இல்லைங்க, சத்தியமா. போச்சு... மூணும் என் தலையிலதான் விடியப்போகுது.

எழில்மொழி: சார், வாசல்ல ஒரு பெரியவரு உங்களையே பார்த்துட்டு வர்றாரு.

புகழேந்தி: என் மாமனாருங்க. கொஞ்சம் அந்தக் கதவை மறைச்சாப்ல நில்லுங்களேன்.

செல்லதுரை: மாப்ள, இங்கதான் இருக்கீங்களா... என்ன, கழுவிட்டாங்களா?

புகழேந்தி: கழுவிட்டாங்க மாமா.

செல்லதுரை: முன் பக்கமுமா?

புகழேந்தி: மாமா, மறைக்க விரும்பல. பின் கதவு நான்தான். ஆனா முன்னாடி இருக்கறது நான் இல்லை. நீங்க நம்பணும்.

செல்லதுரை: நம்பறேன் மாப்ள.

புகழேந்தி: எப்படி மாமா, கேட்டதும் நம்பிட்டீங்க?

செல்லதுரை: முன்னாடி நான்தானே.

எழில்மொழி: ஐயா, காலையில போன் பண்ணது நீங்களா?

செல்லதுரை: நான்தாம்மா. வீட்ல காதுல விழுந்துடப் போகுதுன்னு கொல்லையில வாழை மரத்தடியில நின்னு பேசினேன். நீ என்னடான்னா...

புகழேந்தி: எங்க மாமா இடிச்சீங்க?

செல்லதுரை: நெல் கொள்முதல் நிலையத்துல. மூட்டை அடுக்குக்கு முன்னாடி நிறுத்தப் போனேன்... நிக்கல. சாவி உங்க கைக்கு வந்ததும், நீங்க இடிச்சதா இருக்கட்டுமேன்னு ஒரு யோசனை...

புகழேந்தி: மாமா...

செல்லதுரை: யோசனைதான் மாப்ள. செஞ்சேனா?

புகழேந்தி: சரி, டிக்கிக்குக் கீழே இருக்கறது?

செல்லதுரை: அது நீங்க இல்லையா?

புகழேந்தி: நீங்க இல்லையா?

செல்லதுரை: இல்லையே... இருங்க, ஒண்ணு ஞாபகம் வருது. ஒரு வாரமா உங்க அத்தை வண்டியைத் துடைக்கல. கேட்டதுக்கு, மழைச் சேறுதானே, கிடக்கட்டும்னா. அவ வாயில அப்படி வராதே.

எழில்மொழி: ஒரு நிமிஷம், போன் அடிக்குது... சொல்லுங்கம்மா, சர்வீஸ் சென்டர்தான்... வண்டி இங்கதான் இருக்கு டீச்சர்... சரியா கேட்கலை, ஸ்பீக்கர்ல போடறேன்.

அம்சம்: கேட்குதாம்மா? இப்பதான் எங்க வீட்டுக்காரரு வெளியில கிளம்பினாரு, அதான் பேச முடிஞ்சுது. வண்டியைக் கழுவ வேணாம்.

எழில்மொழி: மரியாதைக்குச் சொல்றீங்களா டீச்சர்? நிஜமாவே வேணாமா?

அம்சம்: நிஜமாவே வேணாம்மா. குளத்தோரம் ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு லைட் கம்பம் வந்து இடிச்சிடுச்சு. சேறு போட்டு மூடி வெச்சிருக்கேன். சாவியை மாப்பிள்ளை கையில கொடுக்கற வரைக்கும் அது அப்படியே நிக்கட்டும். அப்புறம் பாவம், அவரு இடிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும்.