பண்டி வந்தது கூடாரத்துக்கு

பாரிஸில் லா சப்பல் மெத்ரோ ரயிலில் என் அருகே நின்ற நம்மவர் இருவரில் இளையவர் மற்றவரிடம் சொன்னார்: "அண்ணை, நான் வேட்டைக்குப் போய் கார்க் கூரையில ஏறி நிண்டனான்."

"ஏன்?"

"வேலையிடத்து வெள்ளையள் கூட்டிக்கொண்டு போனவை. அரசாங்கக் காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சம். விடியவே அவையள் துவக்கோட காட்டுப் பண்டி தேடிப் போட்டினம். நான் கூடாரத்தடியில உருளைக்கிழங்குக் கறி வைச்சுக்கொண்டிருந்தன். பண்டி நேரா என்னட்டை வந்திட்டுது."

"பிறகு?"

"நான் கார்க் கூரையில பாஞ்சு ஏறீட்டன். அது சட்டியைப் பிரட்டி ஆறுதலாச் சாப்பிட்டுது. காட்டு அதிகாரி ஜீப்பில வரத்தான் ஓடினது. அவர் என்னை அண்ணாந்து பாத்து, 'இஞ்சை கூடாரம் அடிக்கேலாது' எண்டார்."

"நீ என்ன சொன்னனி?"

"'கழட்டுறன் மிசியு, முதல்ல இறங்கக் கை தாங்கோ' எண்டன்."