கண்ணாடி போடாத பிரேம்

தெரியுதுண்ணே, போட்டோவுல பல்லு தெரியுது. எனக்கும் கண்ணு இருக்குல்ல. லேசா ஆடியும் இருக்கு. அந்தத் தோளு யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க, பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த ஆளு, நமக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அத வெட்டுனா மூஞ்சி நடுவுல வராதுங்கறீங்களா? அப்ப வெட்ட வேணாம். இதையே போடுங்க. என் பொண்ணு இதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சைஸ் வழக்கமா போடறதுதான், பன்னெண்டுக்குப் பதினஞ்சு, கறுப்புச் சட்டம். வழக்கம்போலக் கண்ணாடி வேணாம். நாலு மணிக்குள்ள மாட்டியாகணும்ணே, அதுக்கப்புறம் வீட்டுக்கு ஆளுங்க வந்துருவாங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன். எங்க போறது இப்ப.

இருங்க, அந்த மேல இருக்கற படம் கோணலா இருக்கு. ஸ்டூல் வேணாம், எட்டும். ஆங், ஆச்சு. கை சும்மா இருக்காதுண்ணே. அதனாலதான் சினிமா செட்ல எல்லாரும் என்ன ஆணின்னு கூப்பிடறாங்க. பேரே மறந்துபோச்சு அவங்களுக்கு. ஆணி, அந்தச் செவுத்தப் பாரு. ஆணி, கடிகாரத்த இறக்கு. இருவத்திரெண்டு வருஷமா இதே பொழப்பு.

இத்தனை தடவை வந்திருக்கேன், ஏன்டா இவன் கண்ணாடி வேணாம் வேணாங்கறான்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல. கண்ணாடி இருந்தா லைட்டு அடிக்கும். நான் புதுசா சேந்தப்ப தெரியாத்தனமா கண்ணாடியோட மாட்டிட்டேன். ஹீரோ அவங்க அப்பா போட்டோ முன்னாடி நின்னு குமுறிக் குமுறி அழறாரு. மூணு டேக். செட்டே கண்ணத் தொடச்சுக்குது. அப்புறம் ஓட்டிப் பாத்தா, அப்பா நெத்தியில கேமராமேன் டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. டைரக்டர் என்ன அன்னைக்குப் பேசுன பேச்சு இருக்கே, வேற எவனா இருந்தாலும் பெட்டியக் கட்டியிருப்பான். அதுலேருந்து கண்ணாடியே போடறதில்ல.

இதுக்குன்னு மொறை நெறைய இருக்குண்ணே. சினிமாவுல செத்தவங்க பல்லக் காட்டக் கூடாது. லேசாப் புன்னகைக்கலாம், உதடு பிரியக் கூடாது. கண்ணு நேராப் பாக்கணும். ஒரு டைரக்டர் சொன்னாரு, செத்தவங்க சந்தோஷமா இருந்தாங்கன்னு தெரியலாம் ஆணி, ரொம்ப சந்தோஷமா இருந்தாங்கன்னு தெரியக் கூடாது, ஜனங்க அழ மாட்டாங்கன்னு. அதனாலதான் நீங்க இதப் பாத்ததும் முழிச்சீங்க. நியாயம்தான். இந்தப் போட்டோவ செட்டுக்குக் கொண்டுபோனா என்ன வெளிய அனுப்பிருவாங்க.

யாரா? அட, என்னண்ணே, இந்த மூஞ்சிய பன்னெண்டு தடவை நீங்களே பிரேம் போட்டுக் குடுத்திருக்கீங்க. அதுல வாய மூடிக்கிட்டு இருப்பா, அதான் உங்களுக்குப் பிடிபடல. துணை நடிகைன்னா நெனச்சீங்க இத்தனை நாளா? நல்லா இருக்கே கதை. என் வீட்டுக்காரிண்ணே.

அது என்ன ஆச்சுன்னா, ஒரு நாள் ஹீரோயினோட செத்த அம்மாவா போட்டோ எடுக்க ஒரு அம்மா வரணும், வரல. ஒரு மணி நேரத்துல செவுத்துல போட்டோ இருக்கணும். நான் தலையில கைய வச்சுக்கிட்டு நிக்கிறேன். மறந்துட்டு வந்த என் மூக்குக் கண்ணாடிய எடுத்துக்கிட்டு இவ வந்து நிக்கிறா. புடிச்சு உக்கார வச்சேன். சாமான் ரூம்ல ஒரு நீலப் போர்வைய பின்னாடி கட்டி, சிரிக்காதடி, சிரிக்காதடின்னு கெஞ்சி, அஞ்சாவது தடவைதான் ஒழுங்கா வந்துச்சு. யாரா எடுக்கறீங்கன்னா. ஹீரோயினோட அம்மா, செத்துட்டாங்கன்னேன். செத்ததப் பத்தி ஒண்ணும் சொல்லலண்ணே. அந்தக் கழுதை வயசுப் பொண்ணுக்கு நான் அம்மாவா, எனக்கு என்ன வயசாகுதுன்னு நெனச்சீங்கன்னு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா.

அப்புறம் அதே போட்டோதான். அவசரம்னா ஆணி வீட்டம்மா. அவளுக்கும் பழகிப்போச்சு. நான் வீட்டுக்குள்ள வந்ததும், இன்னைக்கு நான் எதுல போனேன்னு கேப்பா. கார் ஆக்சிடெண்ட்டும்பேன். கேன்சரும்பேன். பிரசவத்துலம்பேன். சரி, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்பா. ஒரே ஒரு படத்துல எதுல செத்தான்னே சொல்லல, சும்மா செவுத்துல தொங்கறா. அதுக்கு மட்டும்தான் கோவம் வந்துச்சு. ஏங்க, ஒரு வியாதிகூடவா வைக்க மாட்டாங்க எனக்குன்னா.

மாமியாருக்குத்தான் ஆகாது. உசுரோட இருக்கற பொண்ணக் கொண்டுபோய் செவுத்துல மாட்டறியே, கை கூசலையான்னு கேப்பாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, அத்தே, இது எல்லாம் திருஷ்டி கழிக்கற மாதிரி, உங்க பொண்ணுக்கு ஆயுசு கெட்டிம்பேன்.

இந்தப் போட்டோ தியேட்டர்ல எடுத்தது. என் பொண்ணு ஃபோன்ல எடுத்தா. படத்துல அம்மா போட்டோவ நெஞ்சோட கட்டிக்கிட்டு மகன்காரன் கத்தறான், பின்னாடி வயலின் போட்டுக் கொல்றாங்க, தியேட்டரே மூக்க உறிஞ்சுது. எங்க பின்னாடி சீட்டுல ஒரு பெரிய மனுஷன் விக்கி விக்கி அழறாரு. இவ வாய் நெறைய பாப்கார்னப் போட்டுக்கிட்டு சிரிச்சா பாருங்க. அடக்க முடியல அவளால. பின்னாடி இருந்தவரு தட்டி, ஏம்மா, மனசாட்சி இல்லையா உனக்கு, தாயி செத்துக் கெடக்கறாங்கன்னாரு. இவ திரும்பி அவரப் பாத்தா. அவரு இவளப் பாத்தாரு, திரையப் பாத்தாரு. எந்திரிச்சுப் போயிட்டாருண்ணே. சத்தியமா. அந்த நேரத்துல எடுத்தது. அதான் ஆடியிருக்கு, பொண்ணு கையும் சிரிப்புல ஆடிருச்சு.

உங்க வீட்ல சினிமா பாத்தா அழுவாங்களா? அழட்டும், நல்லதுதான். ஆனா ஒண்ணு, அதுல போட்டோ விழும் பாருங்க, யாராச்சும் சாகற நேரத்துல இங்க செவுத்துலேருந்து டமால்னு விழுந்து நொறுங்கும், அது விழறதில்ல. நான் இழுக்கறேன். செவுத்துக்குப் பின்னாடி மீன் புடிக்கற நரம்பக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். டைரக்டர் கைய ஆட்டுனதும் ஒரு சுண்டு. விழறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டது வேணும், நொறுங்கற சத்தத்துக்கு. வெளக்கு அணையறதும் நான்தான். ஜன்னல் கதவு அடிச்சுக்கறதும் நான்தான்.

நெசத்துல எதுவும் விழாதுண்ணே.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில ஒரு ஆளப் பாத்தேன். வேலை செய்யற எடத்துல ஃபோன டப்பாவுல போட்டு வாங்கி வச்சுக்குவாங்களாம், ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அவனுக்கு விஷயமே தெரிஞ்சுது. ஓடி வந்து நிக்கிறான். டாக்டர் நிதானமா சொல்றாரு, உங்க சம்சாரம் வர்ற வழியிலயே போயிட்டாங்கன்னு. சினிமாவா இருந்தா இந்நேரம் மழை வந்திருக்கும். அவன் செவுத்துல சாஞ்சு அப்படியே வழிஞ்சு உக்காந்திருப்பான். இவன் என்ன பண்ணான் தெரியுமா? டாக்டருக்குப் பின்னாடி காலண்டர் ஒண்ணு கோணலாத் தொங்குது. சார், ஒரு நிமிஷம்னுட்டு, போய் அத நேரா வச்சான். டாக்டர் அவன ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம் ஒரு பாரத்த நீட்டுனாங்க, கையெழுத்துப் போட்டான். பேனா எழுதல, வேற பேனா கேட்டான்.

வீட்டுக்கு வந்தா எல்லாம் வச்சது வச்ச எடத்துலயே இருக்கு. செவுத்துல நாலு படம், நாலும் நேரா. ஒரு டம்ளர்கூட உருளல. வாஷிங் மெஷின் மட்டும் கூவிக்கிட்டே இருக்கு, துணி தோச்சு முடிச்சாச்சு, வந்து எடுன்னு. அவ போட்டுட்டு சோபாவுல சாஞ்சிருக்கா, அவ்ளோதான். காலையில நல்லாத்தான் இருந்தா. டாக்டர் ஏதோ பேரு சொன்னாரு, நீளமா, எனக்கு வாயில நிக்கல. ஒரு வியாதிகூட வைக்காமத்தான் போனா. அத்தனை துணியையும் எடுத்து ஒண்ணொண்ணா உதறிக் காயப்போட்டேன். அவ துணியையும்தான்.

ஆமாண்ணே. நான்தான்.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. பசையப் பாருங்க, காஞ்சுரும். எனக்கு ஒண்ணும் இல்ல. அதான் பயமா இருக்கு, ஒண்ணுமே இல்ல. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி வரல கண்ணுல. எத்தனை பேரு அழறத மூணடி தூரத்துல நின்னு பாத்திருக்கேன், எப்படி அழணும்னு எனக்குத் தெரியும், வரமாட்டேங்குது. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் என் மூஞ்சியவே பாக்கறாங்க. மாமியார் மட்டும் பாக்கல. ஒரு வார்த்தை பேசல என்கிட்ட. திட்டிட்டாக்கூடத் தேவலைண்ணே. உன் கைதான், உன் கைதான்னு ரெண்டு போடு போட்டிருந்தாங்கன்னா வாங்கிக்குவேன்.

நேத்து அந்த நீலப் போர்வை போட்டோவத்தான் மாட்டுனேன். நான் என்ன பண்றது, அவ நேராப் பாக்கற போட்டோ அது ஒண்ணுதான், செட்டு சாமான் ரூம்ல பிரேமோட ரெடியா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு செவுத்துல. என் பொண்ணு ரூம்லேருந்து வந்தா, பாத்தா. கழட்டுப்பான்னா. ஏம்மான்னேன். அதுல அம்மா செத்துப் போயிருக்காப்பான்னா. ஃபோனத் தேடி இத எடுத்துக் குடுத்து, இதுல உசுரோட இருக்கா, இத பிரேம் போட்டு எடுத்துட்டு வா, அது வரைக்கும் நான் ரூம விட்டு வரமாட்டேன்னு கதவச் சாத்திக்கிட்டா. நேத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல.

ஆச்சா? குடுங்க பாப்போம். இந்தத் தோளு இருக்கட்டும், பரவாயில்ல, யாரோ பக்கத்துல உக்காந்திருக்காங்க.

என்னண்ணே, கண்ணாடி இல்லாம தொட்டா அழுக்காயிருமா? ஆமா, நாள்பட இருக்கணும்ல. சினிமாவுக்குன்னா மூணு நாள்ல கழட்டிருவோம். கண்ணாடி போட்டே குடுங்க. லைட்டு அடிச்சா அடிக்கட்டும். முன்னாடி போய் நிக்கறப்ப என் மூஞ்சி தெரிஞ்சாலும் தெரியட்டும், இங்க யாரு கட் சொல்லப் போறா. இது வீட்டுக்கு.