மெத்தைக்கடைப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டு

செல்வி: ...பையப் பேசுங்க. இப்பத்தான் கண்ண மூடுனா.

நவநீதன்: நான் பேசவே இல்லையே. நெனச்சேன், அம்புட்டுத்தான்.

செல்வி: நீங்க நெனைக்கிறது ஷட்டருக்கு வெளிய வரைக்கும் கேக்குது.

நவநீதன்: ஷட்டரத்தான் பாதி எறக்கியாச்சே. கரண்டும் இல்ல. இந்த வெயில்ல அருப்புக்கோட்டையில எவன் மெத்த வாங்க வரப்போறான்? நீயும் அந்தப் பக்கம் சாஞ்சுக்க. வர்ணி நடுவுல கெடக்கட்டும்.

செல்வி: கடைக்கு வர்றவுகளை மட்டும், மெத்தையில படுக்காதீங்க, படுக்காதீங்கன்னு வெரட்டுவீங்க.

நவநீதன்: வர்றவுக படுத்தா அது பழசு. ஓனரு படுத்தா சாம்பிளு.

செல்வி: இந்த வாயி இல்லைன்னா... சரி, நாலு மணிக்குக் கடையத் தெறக்குறதுக்குள்ள முடிவு பண்ணணும். ஞாயித்துக்கெழம எல்லா கிளாஸுலயும் புதுப் பிள்ளைகளச் சேக்குறாக, எல்லாம் ஒரே நேரம். ஸ்கேட்டிங்கா, சிலம்பமா, நீச்சலா? நாலு வயசுப் பிள்ளைய மொதமொதல்ல எதுல சேக்குறது?

நவநீதன்: ஸ்ஸ்... காலப் பாரு.

செல்வி: யாரு கால?

நவநீதன்: இவ கால. தூக்கத்துல ஆட்டுறா பாரு. ஒண்ணு மாத்தி ஒண்ணு. என்ன வெளயாடுறான்னு நெனைக்கிற?

செல்வி: சைக்கிள் மிதிக்கிறாளோ என்னமோ...

நவநீதன்: சைக்கிளுன்னா முட்டி மடங்கணும்ல. இது நீட்ட நீட்டமாப் போகுது. பஞ்சு மூட்ட மேல நடக்குறாப்புல.

செல்வி: மேகத்து மேல நடக்குறாளா இருக்கும்.

நவநீதன்: எல்லாம் ஒரே சரக்குதான்.

செல்வி: ஆமா, மேகத்துக்கும் நீங்கதான் மொத்த ஏஜெண்டு... அந்த ஷட்டருக்கடியில பாருங்க. வெளிச்சத்துல பஞ்சு பறக்குறது, தண்ணிக்குள்ள மீனு போறாப்புல இல்ல?

நவநீதன்: ம்... இப்படியே கெடக்கலாம் போல இருக்கு.

செல்வி: கெடந்தா எப்படி? தையல் போட்ட எடம் இன்னும் செவப்பாத்தான் இருக்கு பாருங்க. இவ தாடையில.

நவநீதன்: அத ஏன் இப்ப எடுக்குற?

செல்வி: அதுக்காகத்தான இம்புட்டுப் பேச்சும்! எல்கேஜியில மொத நாளு. வராண்டாவப் பாத்ததும் ரெண்டு கையவும் விரிச்சு, சிரிச்சுக்கிட்டே, தொப்புன்னு விழுந்திருக்கா. சிமெண்டுத் தரையில! பாண்டீஸ்வரி மிஸ்ஸுதான் போன்ல சொன்னாக.

நவநீதன்: மெத்தக்கடையில வளந்த பிள்ள. உலகம் பூரா மெத்ததான்னு நெனச்சிருச்சு. அது மேல என்ன தப்பு?

செல்வி: அது மேல யாரு சொன்னா? தவழ ஆரம்பிச்ச அன்னைக்கே வீடு பூரா மெத்த விரிச்ச மகராசன் யாரு? அடுப்படியில கூட!

நவநீதன்: அடுப்படியில போட்டது மெத்த இல்ல. குஷனு.

செல்வி: ரொம்ப வித்தியாசம்! மிஸ்ஸு சொன்னது ஞாபகம் இருக்கா? 'மத்த பிள்ளைக விழுறப்பத் தன்னால கைய ஊணுது. உங்க பிள்ளைக்குக் கைய ஊணணும்னே தெரியல. ஏதாச்சும் ஒரு வெளயாட்டுல சேத்து விடுங்க, நாலு தடவ விழுந்தா வந்துரும்'னு...

நவநீதன்: நாலு தடவன்னு அவுக லேசாச் சொல்லிட்டாக.

செல்வி: நம்ம தேதி தேதியாத் தள்ளிக்கிட்டே வாரோம். இன்னொரு தடவ அவ அப்படி விழுந்தா, தாடையோட போகும்னு என்ன நிச்சயம்?

நவநீதன்: வாயக் கழுவு. ...சரி, யாவாரத்துக்கு வருவோம். நீ மொதல்ல சொல்லு.

செல்வி: நீங்க சொல்லுங்க. நீங்கதான கடை மொதலாளி.

நவநீதன்: கல்லாவுல உக்கார்றது நீயி. ...சரி, நானே சொல்றேன். சிலம்பம்.

செல்வி: சிலம்பமா!

நவநீதன்: பைய, பைய... பிள்ள புரளுது. ஆமா, சிலம்பந்தான். ஆனந்தகுமார் மாஸ்டரு சின்னப் பிள்ளைகளுக்குன்னே தனியாச் சொல்லித் தாராராம். பள்ளிக்கூட மைதானம், செம்மண்ணு. விழுந்தாலும் மண்ணு தாங்கும்.

செல்வி: ஆத்தி, வேணவே வேணாம். சின்னக் கம்புன்னு பேருதான். சுத்துறப்ப காதோரமா விர்ருன்னு போகுது. நுனியில துணி சுத்திருந்தா மட்டும்? மொத வரிசையில நிக்கிற அந்தப் பயலுக்கு எடதுகைப் பழக்கம் வேற. எங்கிட்டு இருந்து வருதுன்னே தெரியாது.

நவநீதன்: எந்தப் பய?

செல்வி: ...பொதுவாச் சொன்னேன். எந்த கிளாஸுன்னாலும் ஒரு எடதுகைக்காரன் இருப்பாம்ல?

நவநீதன்: மொத வரிசையிலயா?

செல்வி: முன்னாடி நின்னாத்தான மாஸ்டரு அவனத் திருத்த முடியும்? விடுங்க அத. நான் சொல்றேன், ஸ்கேட்டிங்.

நவநீதன்: ஸ்கேட்டிங்கா?

செல்வி: ஏன், என்ன கொற? கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி, தரை மொழுமொழுன்னு இருக்குதாம். முட்டிக்கு, முழங்கைக்கு, தலைக்கு எல்லாத்துக்கும் கவசம் தாராங்களாம். போருக்குப் போறாப்புல போகலாம்.

நவநீதன்: தாடைக்கு என்ன தாராங்க? ஒண்ணுமில்ல! மொழுமொழுன்னு இருக்கதுதான் ஆபத்தே. கால்ல அத மாட்டிட்டா நிக்கணும்னு பிள்ள நெனச்சாலும் சக்கரம் நெனைக்காது. அந்த வாரு இருக்கே வாரு, லேசுல கழராது. ஓடுற ஓட்டத்துல எங்கிட்டு நின்னு கழட்ட?

செல்வி: யாரு ஓடுறது?

நவநீதன்: ...பொதுவா. யூடியூப்ல பாத்தேன்.

செல்வி: யூடியூப்ல வாரு கழர்றது வரைக்குமா காட்டுறான்?

நவநீதன்: இப்பல்லாம் எல்லாத்தையும் காட்டுறான் செல்வி. ஒழுங்கா வேல பாக்குறாய்ங்க.

செல்வி: ம்... என்னங்க, இவ வாயில ஏதோ வாசம் வருது. கருப்பட்டி முட்டாயி மாதிரி.

நவநீதன்: அதான் ரெண்டு நாளா சோறு எறங்கலையோ. நீ வாங்கிக் குடுத்தியா?

செல்வி: நானா? நான் எதுக்கு... நீங்க வாங்கிக் குடுத்தீங்களா?

நவநீதன்: சேச்சே. பல்லு கெட்டுரும்ல.

செல்வி: அதான... பல்லு கெட்டுரும்.

நவநீதன்: லாரி போகுது. ஷட்டரு எப்படி ஆடுது பாரு. தூத்துக்குடிக்கு உப்புக்குப் போற வண்டியா இருக்கும்.

செல்வி: தூத்துக்குடின்னதும் ஞாபகம் வருது. நீச்சலு இருக்குல்ல? விருதுநகர் போற வழியில புதுசாத் தொட்டி கட்டிருக்காங்களாம். அடியில நீலமாக் கல்லு பதிச்சு...

நவநீதன்: நீலமாவா?

செல்வி: வானம் கீழ கெடக்குறாப்புல இருக்குமாம். அதுல பிள்ளைக மெதக்குதுகளாம். கைய விரிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு...

நவநீதன்: நம்ம தண்ணி லாரிக்குக் கொடத்த வரிசையில வச்சுட்டு நிக்கிறோம். அங்க பிள்ளைகளத் தண்ணியில போட்டு எடுக்காங்க. ...ஆனா யோசிச்சா, தண்ணியும் ஒரு மெத்ததான், என்ன?

செல்வி: நானும் அதத்தான் நெனச்சேன். விழுந்தா வலிக்காது.

நவநீதன்: வலிக்காது. குளுகுளுன்னு இருக்கும். வர்ணி தலைய மட்டும் மேல வச்சுக்கிட்டு, முடியெல்லாம் விரிஞ்சு போயி... மெதந்து மெதந்து அந்தக் கடேசிக்குப் போவா...

செல்வி: ம்... போகட்டும்...

நவநீதன்: ...

செல்வி: என்ன, பேச்சையே காணோம்? தூங்கிட்டீங்களா?

நவநீதன்: இல்ல. நம்ம மெத்தைக்கு அடியில எப்படியாச்சும் ஒரு தரை இருக்கும், செல்வி. தண்ணி வழி விட்டுரும். இவ வராண்டாவுல விழுந்தாளே, அதே மாதிரி, சிரிச்சுக்கிட்டே...

செல்வி: கண்ணத் தெறங்க. மூடுனாத்தான் அதெல்லாம் தெரியும். தெறங்கங்குறேன்ல.

நவநீதன்: தெறந்துட்டேன்.

செல்வி: நீச்சலு வேணாம்.

நவநீதன்: வேணாம். ...கேரம் போர்டு?

செல்வி: பவுடரத் தின்னுருவா.

நவநீதன்: விழாம ஒரு வெளயாட்டக் கண்டுபிடிக்க ஒரு பயலுக்குத் துப்பில்ல பாரு.

செல்வி: என்னங்க, இந்த மெத்தையில பஞ்சு கட்டி தட்டிருக்கு. இடுப்புல குத்துது.

நவநீதன்: எங்க? ...அங்கயா? அது... அது தேங்காநாரு. அப்படித்தான் இருக்கும். இங்கிட்டு நகந்துக்க.

செல்வி: இலவம்பஞ்சுன்னு ஸ்டிக்கரு ஒட்டிருக்கு.

நவநீதன்: ஸ்டிக்கரு யாவாரத்துக்கு. நகருவியா, ஆராய்ச்சி பண்ணுவியா?

செல்வி: ரெண்டு கட்டி இருக்குங்க, பக்கத்துப் பக்கத்துல. கையி வச்சுப் பாத்தா உருளுறாப்புல...

நவநீதன்: பிள்ளைய எழுப்பப் போற நீயி! அத நாளைக்குப் பிரிச்சு அடிச்சுக்கிருவோம். மணியாகப் போகுது, முடிவச் சொல்லு.

செல்வி: வாயால பேசுனா விடியாது. எங்கப்பா பந்தல்குடியில மாட்டுத் தரகு பாக்குறப்ப எப்படி வெல பேசுவாரு? வாயே தெறக்க மாட்டாரு. துண்டப் போட்டு, அதுக்கடியில வெரலப் பிடிச்சே வெலயச் சொல்லுவாரு.

நவநீதன்: தெரியும். உன்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப, மாமா வேர்வையத் தொடைக்கத் தோள்ல இருந்து துண்ட எடுத்தாரு. என்னத்தான் வெல பேசப்போறாருன்னு ரெண்டு கையவும் பின்னாடி கட்டிக்கிட்டேன்.

செல்வி: பேசிருந்தா கொறச்சிருப்பாரு. கையக் குடுங்க. இந்தப் போர்வைக்கடியில. ஒரு வெரலுன்னா ஸ்கேட்டிங், ரெண்டுன்னா சிலம்பம், மூணுன்னா நீச்சலு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காட்டணும்.

நவநீதன்: நீச்சலு வேணாம்னாச்சே?

செல்வி: கணக்குக்குக் கெடக்கட்டும். பிள்ள மேல படாமக் கைய நீட்டுங்க... ம். இப்ப.

நவநீதன்: நீட்டியாச்சு.

செல்வி: எங்க வெரலு?

நவநீதன்: உன் வெரலு எங்க?

செல்வி: நீங்க கைய மூடில்ல வச்சிருக்கீங்க.

நவநீதன்: நீயுந்தான் மூடிருக்க. மூடுன கைக்கு என்ன அர்த்தம் செல்வி? மாமா சந்தையில?

செல்வி: மாடு விக்கிறதுக்கு இல்லைன்னு அர்த்தம்.

நவநீதன்: ...அப்ப, நீயுமா?

செல்வி: நீங்கதான சிலம்பம், சிலம்பம்னு குதிச்சீங்க.

நவநீதன்: நீ மறிப்பன்னு நெனச்சுச் சொன்னேன். வேண்டாத சரக்கத்தான மொதல்ல வெல கேப்போம்? அவன் முறுக்கிக்கிட்டா எந்திரிச்சு வந்துரலாம்ல.

செல்வி: நானும் அதே கணக்குலதான் ஸ்கேட்டிங்குனு...

நவநீதன்: நல்ல யாவாரம்! ரெண்டு யாவாரி ஒரே மெத்தையில படுத்தா இப்படித்தான். ஆளுக்கொரு பக்கம் ஏமாத்தி, ரெண்டு பேரும் ஏமாந்து...

செல்வி: சிரிக்காதீங்க, மெத்த குலுங்குது. ...அடுத்த வருசம் பாப்போமாங்க? யுகேஜி போகட்டும். எலும்பு இன்னுங் கொஞ்சம் முத்தட்டும்.

நவநீதன்: அடுத்த வருசம். அதான் சரி. மிஸ்ஸு கேட்டா சளின்னுரு.

செல்வி: வருசம் பூராவா சளி?

நவநீதன்: மெத்தக்கடைன்னா பஞ்சுத் தூசி. நம்பிருவாக.

செல்வி: அப்பாடா... இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. ஏங்க, கைய விடுங்களேன்.

நவநீதன்: தரகு இன்னும் முடியல.

செல்வி: கண்ணு சொக்குது... மத்தியானம் இப்படித் தூங்கி எம்புட்டு நாளாச்சு...

நவநீதன்: தூங்கு. பஞ்சு பறக்குறதப் பாத்துக்கிட்டே தூங்கு. மீனு போகுது பாரு... வரிசையா... அந்தா, அது நடுவுல குட்டியா ஒரு காலு கூடத் தெரியுது...

செல்வி: ம்... என்ன காலு?

நவநீதன்: ...செல்வி. பிள்ள எங்க?

செல்வி: நடுவுலதான கெடக்கா...

நவநீதன்: நடுவுல போர்வதான் கெடக்கு! ஏ வர்ணி! அங்க ஏன் போயி நிக்கிற? அங்கிட்டு மெத்த இல்லம்மா, வெறுந்தரை!

வர்ணிகா: தெரியும்.

செல்வி: அம்மாகிட்ட வந்துரு தங்கம், தூக்கக் கலக்கத்துல நிக்காத.

வர்ணிகா: நான் தூங்கவே இல்ல. காலு பழகுனேன்.

நவநீதன்: அப்படியே நில்லு, அசையாத, அப்பா வாரேன்.

வர்ணிகா: வராத. நீ வந்தாத் தூக்கிருவ.

செல்வி: ஏங்க, கைய விரிக்கிறா! பிடிங்க, பிடிங்க!

நவநீதன்: வர்ணீ...! ஐயோ, விழுந்துட்டாளே!

செல்வி: தாடை! தாடையப் பாருங்க!

வர்ணிகா: ஒண்ணுமில்ல. கைய ஊணிட்டேன்.

செல்வி: கைய ஊணுனியா? யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா?

வர்ணிகா: சக்கர ஷூ மாஸ்டரு. அப்பா என்னய ஷூவோட தூக்கிட்டு ஓடுனாருல்ல, அதுக்கு முன்னாடி.

செல்வி: ஷூவோடயா? ஏங்க, யூடியூப்பு...!

நவநீதன்: அது வந்து செல்வி... மாஸ்டரு இவ கையப் பிடிச்சு விட்டாரா, இவ ரெண்டு கையவும் விரிச்சுச் சிரிச்சாளா... நான் என்ன பண்ண? யாத்தே, நீ ஒண்ணும் நெனைக்காத...

வர்ணிகா: அம்மா மட்டும்? கம்பு மாஸ்டரு சொல்றதுக்குள்ள அம்மாவும் தூக்கிட்டு ஓடிருச்சு. கம்ப ரோட்டுல போட்டுருச்சு. ரெண்டு பேரும் முட்டாயி குடுத்துச் சொல்லாதன்னீங்க, அதான் நான் சொல்லல.

நவநீதன்: மொத வரிசையில எடதுகைப் பய... ம்?

வர்ணிகா: அப்பா, அம்மாவுக்கு இடுப்புல குத்துதுல்ல, அந்த ஷூவ எடுத்துத் தா. ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் தூர நின்னு பாருங்க, நான் விழுந்து காட்டுறேன்.